நீலக்குறி போட்ட பெட்டை

ஒரு பெட்டைக் கழுதை என் வாயால் போயிற்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றிவளைத்துச் சொல்லப் புகுந்தால் போகிற போக்கில் என்னை நானே நல்லவளாக்கிவிடுவேன். அந்தக் கெட்ட பழக்கம் என்னிடம் உண்டு.

தூத்துக்குடியிலும் சுற்று வட்டாரத்திலும் கழுதைகளிடம் ரத்தம் எடுப்பதுதான் அப்போது என் வேலை. ஒப்பந்த வேலை. நம் பக்கத்துக் கழுதைகள் எத்தனை விதமான தாய்வழிகளிலிருந்து வந்தவை என்று கண்டுபிடிக்கும் ஒரு ஆராய்ச்சி. கழுத்து நரம்பில் ஊசி போட்டு, ஊதா மூடிக் குழாயில் ரத்தம் பிடித்து, நம்பர் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். ஐஸ் திரேஸ்புரத்து ஐஸ்தான். என் அண்ணன் தன் மீன்பிடி வள்ளத்துக்கு வாங்குவதில் கொஞ்சம் நான் சுரண்டிக்கொண்டு வருவேன். குழாய்களில் மீன் வாடை அடிக்கிறது என்று லேப்பில் ஒருமுறை குறைப்பட்டார்கள். திரேஸ்புரத்துக்காரி அனுப்புகிற பெட்டியில் மல்லிகைப்பூ வாடையா அடிக்கும்?

வீட்டில் என்னைக் கேலி செய்யாத ஆளில்லை. இயேசு கழுதையில் ஏறி வந்த குருத்து ஞாயிறு ஒருநாள்தான் எங்கள் தெருவில் கழுதைக்கு மரியாதை. கோயில் பவனிக்கு எங்கிருந்தாவது ஒன்றைப் பிடித்துக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மறுநாளே அது குப்பைமேட்டில் நின்று அட்டையும் பாலித்தீனும் தின்னும். "ஏளா, காலேஜ் படிச்சது கழுதைக்கு ஊசி போடவா?" என்று அண்ணன் கேட்பான். "ஆமா, உனக்குப் போட விடமாட்டேங்க, அதான் அதுக்குப் போடுதேன்" என்பேன்.

என் மேலதிகாரி நாசரேத் பக்கத்துக் கால்நடை டாக்டர் ஒருவர். படிவத்தில் ஒரு எழுத்துப் பிசகினாலும் திருப்பி அனுப்புகிற ரகம். நான் மேடம் என்று கூப்பிடுவேன். அவர்தான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தார். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு சின்னப் பகுதி அம்மாவிடமிருந்து மட்டும் வருகிறது. மகளுக்கும் வரும், மகனுக்கும் வரும். மகள் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். மகனால் கொடுக்க முடியாது, அவனோடு நின்றுபோகும். அதைப் படித்தால் அம்மா, அம்மாவுக்கு அம்மா, அவளுக்கு அம்மா என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். குஜராத் உப்புவெளியில் ஓடுகிற காட்டுக்கழுதைதான் நம் கழுதைகளுக்கு மூலம் என்று நான் நினைத்திருந்தேன். அது வேறு இனம் என்றார். வீட்டுக்கழுதையின் தாய்வழியைப் பிடித்துக்கொண்டு போனால் ஆப்பிரிக்காவில்தான் போய் நிற்குமாம், இரண்டு பெரிய கிளையாக. "அங்கேயிருந்து தரைவழியா வந்துச்சா, கப்பல்ல ஏறி வந்துச்சா, எந்தக் கிளை எங்க வந்து தங்குச்சு, அதுதான் கேள்வி" என்றார். அன்றைக்குத் துறைமுகச் சாலையில் லாரிகளுக்கு நடுவே ஒரு கழுதையைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டிடம் ரத்தம் எடுத்தால் ஆராய்ச்சி கெட்டுப்போகும். ஒரே கழுதையிடம் இரண்டு முறை எடுத்தால் என் மானம் போகும். அவிழ்த்துவிட்ட கழுதைகள் இன்றைக்கு உப்பளத்தில் நிற்கும், நாளைக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கும். ஆகவே ரத்தம் எடுத்ததற்கு ஒரு அடையாளம் வேண்டும். லேப்பில் கொடுத்த மார்க்கர் இரண்டு நாளில் அழிந்தது. அண்ணனின் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ட் வீட்டில் கிடந்தது. உப்புத்தண்ணீரிலேயே கிடந்தாலும் லேசில் போகாத பெயின்ட். இடது தொடையில் ஒரு கை அகலத்துக்குப் பூசினேன். மேடம் முகத்தைச் சுளித்தார், பிறகு விட்டுவிட்டார்.

அந்த நீலத்தின்மேல் எனக்கு வேறொரு நம்பிக்கையும் இருந்தது. எங்கள் கரையில் ஏலம் முடிந்ததும், மீனை எடுத்தவர் தன் அடையாளத்தை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஒரு சீட்டு, ஒரு கயிற்றுத்துண்டு, வாலில் ஒரு வெட்டு, ஏதோ ஒன்று. அதற்குப் பிறகு அந்த மீனில் ஒருவரும் கைவைக்க மாட்டார்கள். நான் அதைப் பார்த்து வளர்ந்தவள். அந்தச் சமயத்தில் கழுதைகளைக் கறிக்காகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. நீலக்குறி போட்டதை எவனும் தொடமாட்டான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உப்பளத்து ஓரம், உப்பு மூட்டை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கிக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு ஒரு அக்கா இருந்தாள். என்னைவிடப் பத்து வயசு மூப்பு. புருஷன் செத்து வருஷமாகிறது, பிள்ளை இல்லை. ஒரு பெட்டைக் கழுதையும் அதன் பால்குட்டியும்தான் அவளுக்கு எல்லாம். பிறந்த பிள்ளைக்குக் கழுதைப்பால் ஊற்றினால் சீர் நோய் வராது என்று நம்புகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. காலையில் பெட்டையையும் குட்டியையும் தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டு போவாள். கூப்பிட்ட வீட்டு வாசலிலேயே கறந்து பாலாடையில் ஊற்றிக் கொடுப்பாள். பச்சைப்பிள்ளைக்கு அது ஆகாது என்று முதல்நாளே நான் பாடம் எடுத்தேன். "நீ கழுத ரத்தம் எடுக்க, நான் கழுதப்பாலு எடுக்கேன். இதுல என்னத்த பெரிசாப் பேச வந்துட்ட?" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. இதன் தாய் எது, எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அந்த இடம் காலியாகவே திரும்பிவரும். "ஆத்தா யாருன்னு அதுகிட்டயே கேளு தாயி" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். இந்த அக்கா சிரிக்கவில்லை.

"அப்பன் யாருன்னு கேட்டா எனக்குத் தெரியாது. அது ஊர்ல திரியுததுல எதுவோ. ஆத்தாளக் கேளு, சொல்லுதேன்" என்றாள்.

சொன்னாள். இந்தப் பெட்டையின் தாய் ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து அக்காவின் கல்யாணத்தோடு கூடவே வந்தவள். உப்பு மூட்டை சுமந்து முதுகு புண்ணாகி, புண்ணில் புழு வைத்துச் செத்தாள். அவளுக்குத் தாய் ஒற்றைக் கண். அதற்கும் தாய் ஒருத்தி, யாரையும் அண்டவிடாமல் கடித்துவைப்பவள். ஒவ்வொருத்தியும் பெட்டையாக ஒன்றைத்தான் மிச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். படிவத்தில் இடம் போதாமல் பின்பக்கம் எழுதினேன். என் சொந்தத் தாய்வழியில் இத்தனை தூரம் எனக்குத் தெரியாது.

"இவளும் ஒரு பொட்டக்குட்டி போட்டுட்டான்னா எனக்கு நிம்மதி. இந்தத் தடவ ஆம்பளையாப் போட்டுட்டா. அடுத்தது பொட்டதான், பாரு" என்றாள். பெட்டையின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். ஊசி குத்தியபோது அது அசையவே இல்லை. முப்பத்தேழு என்று குழாயில் எழுதினேன்.

தொடையில் பெயின்ட் அடித்துக் காயுமுன் குட்டி பால் குடிக்க வந்து முட்டியது. நிமிர்ந்தபோது அதன் நெற்றியில் நீலம் அப்பியிருந்தது. "பொட்டு வச்சிக்கிட்டான் பாரு மாப்பிள" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏளா, இது எப்பப் போகும்?"

"போகாதுக்கா. இது இருக்குற வரைக்கும் உங்க கழுதய ஒருத்தனும் தொடமாட்டான்."

அவள் அதை அப்படியே நம்பினாள். நானும் நம்பித்தான் சொன்னேன்.

அதற்குச் சில வாரம் கழித்து ஆலந்தலையில் என் சித்தி மகளின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். கோயில் முடிந்து வீட்டுக்கு வந்து பந்தியில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. உப்புக் கிட்டங்கி வாட்ச்மேன் அண்ணாச்சி. சுற்றுப்பக்கத்தில் நான் போன் நம்பர் கொடுத்து வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

"ஏம்மா, நீலக்குறி போட்ட கழுதையளா பாத்துப் பாத்து ஏத்துதாவ. பெரிய வண்டி. உங்க ஆளுகதானா?"

மயிர் சாம்பிள் எடுக்கக் கல்லூரியிலிருந்து இன்னொரு குழு வரலாம் என்று மேடம் அந்த வாரம் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டுத்தான் வருவார்கள் என்றும் சொல்லியிருந்தார். முதல் பாதி எனக்கு நினைவு வந்தது, இரண்டாம் பாதி வரவில்லை. ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் பிள்ளை அழுகை, சித்தி வேறு சோறு ஆறுகிறது என்று கத்திக்கொண்டிருந்தாள். எனக்கு போனை வைத்தால் போதும் என்றிருந்தது.

"ஆமா அண்ணாச்சி, நம்ம ஆளுகதான். ஏத்திவிடுங்க."

"நல்லாத் தெரியுமாம்மா?"

"தெரியும்னு சொல்லுதேம்லா" என்று எரிந்து விழுந்தேன்.

அப்புறம் உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். சீலா மீன் குழம்பு. புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது என்று சித்தியிடம் சொன்னதுகூட நினைவிருக்கிறது. அது நினைவிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அந்த வளாகத்தில்தான் எங்கள் ஆராய்ச்சிக்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். வாசலில் அக்கா நின்றாள். சேலைக் கிழிசலால் குட்டியின் கழுத்தைக் கட்டிப் பிடித்திருந்தாள். குட்டி தொண்டை கட்டிப்போய், சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

"ஏளா, ஊசி போட்டாச்சா? எப்பக் கொண்டாந்து விடுவிய? சாயங்காலமே வந்துரும்னாவ. இவன் விடிய விடியக் கத்துதான். அவளுக்கும் பால் கட்டிக்கிட்டு வலிக்கும்லா."

"யாருக்கு ஊசிக்கா?" என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் சொன்னாள். தடுப்பூசி போட்டு அன்றைக்கே திருப்பி விடுவோம் என்று வண்டிக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். இவள் கயிற்றை விடவில்லை. குட்டியையும் ஏற்றச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறாள். சின்னது வேண்டாம் என்றிருக்கிறார்கள். சண்டை முற்றியதால்தான் வாட்ச்மேன் அண்ணாச்சி எனக்குப் போன் போட்டிருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டு அவளும் கேட்கும்படி பிடித்திருக்கிறார்.

"உன் கொரலக் கேட்டேன். நம்ம ஆளுகதான்னு சொன்னியே. அவ ஏறமாட்டேன்னு காலை ஊனிக்கிட்டா. நான்தான் பின்னால நின்னு தள்ளி ஏத்திவிட்டேன்" என்றாள்.

அப்படியே கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அது எங்கள் ஆட்கள் இல்லை என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "பின்ன யாரு?" என்று மட்டும் கேட்டாள். யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஸ்டேஷனுக்குப் போனோம். கழுதை காணாமல் போனதா என்று அங்கிருந்தவர் சிரித்தார். மேடம் வந்து குரலை உயர்த்திய பிறகுதான் புகாரை எழுதிக்கொண்டார்கள். மேடம் தன் காரிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விசாரித்தார். அக்கா பின்சீட்டில் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியில் ஆட்டுப்பால் வாங்கித் துணியை நனைத்து அதன் வாயில் வைத்தாள். முதல்நாள் அது துப்பியது. இரண்டாம் நாள் பசி பொறுக்காமல் குடித்தது.

மூன்றாம் நாள், ஓட்டப்பிடாரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, உடைமரக் காட்டுக்குள் காக்கை கூட்டமாக இறங்குகிறது என்று ஆடு மேய்ப்பவர் ஒருவர் சொன்னார். அக்காவைக் காரிலேயே இருக்கச் சொன்னேன். அவள் எனக்கு முன்னால் நடந்தாள்.

கறியை எடுத்துக்கொண்டு தோலையும் தலையையும் குளம்பையும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். குடல் வெயிலில் காய்ந்து கருத்துக் கிடந்தது. வாடையில் மேடம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் என் நீலம், அடித்த அன்று இருந்த மாதிரியே பளிச்சென்று இருந்தது. அக்கா உட்கார்ந்து ஒவ்வொரு தோலாகப் புரட்டினாள். நாலாவது தோலில் கை நின்றது. அந்த நீலத்தின் ஒரு ஓரம் இழுபட்டுக் கலைந்திருந்தது. குட்டி முட்டிக் கலைத்த இடம் அது.

அங்கே நின்றபோதுதான் எங்கள் கரை வழக்கத்தின் மறுபாதி எனக்கு உறைத்தது. குறி போட்ட மீனை யாரும் தொடமாட்டார்கள் என்பது சரி. குறி போட்ட மீனை ஒருவன் தூக்கிக்கொண்டு போனால் ஏன் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஏலம் எடுத்தவன் கொண்டுபோகிறான் என்று விட்டுவிடுவார்கள். அந்த வண்டி ஊருக்குள் எத்தனை தெருவில் நின்று ஏற்றியிருக்கும். எத்தனை பேர் பார்த்திருப்பார்கள். நீலக்குறி இருக்கிறது, கவர்மென்ட் கழுதை என்று நகர்ந்திருப்பார்கள். எவளாவது ஒருத்தி கயிற்றை விடாமல் நின்றாள் என்றால் அது இவள்தான். அவள் கையையும் நான்தான் விடவைத்தேன்.

அதன்பிறகு மிச்சமிருந்த கழுதைகளைத் தேடித் தேடிப் போய் நீலத்தை அழித்தேன். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கத்தரிக்கோலால் மயிரை ஒட்ட வெட்டினேன். கழுதைக்கு முடிவெட்ட ஆரம்பித்துவிட்டாயா என்று அண்ணன் கேட்கவில்லை. பெயின்ட் டப்பாவை அவனே எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டான். அக்கா வீட்டுப் பக்கம் மட்டும் நான் போகவில்லை. போகத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து லேப் ரிப்போர்ட் வந்தது. மேடம் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார்.

"ஒரு சாம்பிள் தனியா நிக்குது. நாம எடுத்த மத்த எதுலயும் இல்லாத தாய்வழி. மத்ததெல்லாம் ஒரு கிளை, இது மட்டும் இன்னொரு கிளை. ஒண்ணே ஒண்ணு" என்றார்.

"முப்பத்தேழா மேடம்?"

அவர் தலையை ஆட்டினார். அதற்குக் கூடப்பிறந்ததோ மகளோ எங்காவது இருக்கிறதா என்று கேட்டார். படிவத்தின் பின்பக்கத்தில் நான் எழுதியிருந்ததை இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். ஒவ்வொருத்திக்கும் ஒரு மகள்தான். இவளுக்கு அதுவும் இல்லை.

"ஒரு குட்டி இருக்கு மேடம். ஆண்."

மேடம் படிவத்தை முன்பக்கம் திருப்பினார். "அதுல ரத்தம் எடுத்துட்டு வா. ஒரு சாம்பிளை நம்பி எழுத முடியாது" என்றார்.

போனேன். அக்கா உப்பளத்தில் உப்பு வாரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கால் விரல்களுக்கு நடுவே வெடித்துப் புண்ணாகியிருந்தது. குட்டி வளர்ந்திருந்தது. வீட்டுத் தூணில் கட்டியிருந்தாள். அவிழ்த்து விடுவதே இல்லையாம். வேலைக்குப் போகும்போது வாட்ச்மேன் அண்ணாச்சியைக் காவலுக்கு உட்காரச் சொல்லிவிட்டுப் போகிறாளாம்.

"வாங்க டாக்டரம்மா" என்றாள். ஏளா என்று கூப்பிடவில்லை. அது எனக்கு வலித்தது. வலிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

ரத்தம் வேண்டும் என்று சொன்னேன். அவள் என் பையைப் பார்த்தாள்.

"அவ ரத்தம் உங்ககிட்ட இருக்குல்லா?"

"இருக்குக்கா. லேப்ல, ஐஸ்ல வச்சிருக்கு."

"அது போதாதா?"

ரிப்போர்ட்டில் வந்ததைச் சொன்னேன். இவள் கழுதையின் தாய்வழி இந்தப் பக்கத்தில் நாங்கள் பார்த்த வேறு எந்தக் கழுதையிடமும் இல்லை என்றேன். அவள் ஆச்சரியப்படவில்லை. தன் கழுதையைப்போல் வேறு கழுதை இல்லை என்பது அவளுக்கு முன்னமே தெரிந்த செய்திதானே.

"இவன்கிட்ட அவ இருக்காளா?"

"இருக்கா. அவளுக்கு அம்மா, அந்த ஒத்தக்கண்ணு, கடிக்கிறவ, எல்லாரும் இருக்காவ."

"இவனுக்குப் பொறக்குறதுல?"

அங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை தெரியாமல் தெரியும் என்று சொன்னதே போதும் என்றிருந்தது.

"இருக்கமாட்டாவக்கா. இவனோட நின்னுரும்."

அவள் சரி என்றாள். எழுந்துவந்து குட்டியின் கழுத்தைத் தாய்க்குப் பிடித்த மாதிரியே கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன். குட்டியும் அசையவில்லை. படிவத்தில் தாய் என்ற இடத்தில் முப்பத்தேழு என்று எழுதினேன்.

குட்டியின் நெற்றியில் அந்த நீலம் இன்னும் இருந்தது. மயிரோடு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து பாதியாகியிருந்தது. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன்.

"அந்தப் பெயின்ட்ட வெட்டி எடுத்துருதேன்கா. குறி இருந்தா ஆபத்து."

அவள் உப்பில் வெடித்த உள்ளங்கையை அதன் நெற்றிமேல் வைத்து மூடினாள்.

"இது நீங்க போட்ட குறி இல்ல. அவகிட்ட பால் குடிக்கையில இவனா ஒட்டிக்கிட்டது. தானா உதிருத வரைக்கும் கெடக்கட்டும்."

நான் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஐஸ் உருகுமுன் கிளம்பினேன்.